காவிக்கரை இட்ட கீரை

கீரைகள் மனிதர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சுருட்டைக்கீரைக்குச் சிவப்பு கிடையாது. இன்று நாம் லெட்டூஸ் என்று சொல்லித் தொட்டியில் வளர்க்கிறோமே, அதேதான். அடியிலிருந்து நடுக்கொழுந்து வரை ஒரே பச்சையாக இருந்தது.

எல்லாக் கீரைகளும் ஒரேபோலப் பேசவில்லை. முருங்கை உயரத்தில் இருந்ததால் சத்தமாகப் பேசும். கொடிப்பசலை வேலிக்கு வேலி தாவிப் போவதால் ஒரு வீட்டுப் பேச்சை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைக்கும். சுருட்டைக்கீரை அதிகம் பேசாது. அதன் வாயில் 'இல்லை' என்ற சொல் மட்டும் வராது. யார் வந்து கேட்டாலும் இலைகளைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கூதல்பாறை என்ற மலையூரில்தான் அது முதலில் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதன் இடுக்குகளில் தாய்ச்செடிகள் இருந்தன. கோடையில் பஞ்சு கட்டி இடுக்கிலேயே கிடந்த அவற்றின் விதைகள் ஐப்பசி பிறந்தால் காற்றில் இறங்கும். விழுந்த கொல்லையில் முளைத்துக்கொள்ளும். யாரும் விதைத்ததில்லை, விதை எடுத்து வைத்ததும் இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளி வந்தால் கொழுந்து அவருக்கு, முற்றிய அடி இலை வீட்டாருக்கு. கொழுந்தை வீட்டுக்காரி பறித்துக் கொடுக்கக்கூடாது. விருந்தாளியே கொல்லைக்குப் போய், செடியின் நடுவில் கையை விட்டு, தனக்கு வேண்டியதைக் கிள்ளிக்கொள்வார். அவர் கிள்ளும்போது வீட்டார் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்தால் அது விருந்து இல்லை. கிள்ளிய கொழுந்தைப் பச்சையாகவே கம்பங்கூழுக்குக் கடித்துக்கொள்வார்கள்.

நடுக்கொழுந்து போன சுருட்டைக்கீரை பிறகு எழுந்திருக்காது. நாலைந்து நாள் அடி இலைகளோடு இருந்துவிட்டு அழுகிப்போகும். அதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை. அடுத்த ஐப்பசியில் பாறையிலிருந்து இன்னொன்று வரும்.

அந்த ஊரில் விருமனும் அவன் மனைவி சீனியம்மாளும் இருந்தார்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் சீனியம்மாள் நான்கு முழத்துக்கு ஒரு பாத்தி கட்டியிருந்தாள். அந்த வருஷம் மழை பதினோரு நாள் விடாமல் பெய்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் மலையில் ஒரு பக்கம் சரிந்தது. ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலே பாறை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு மண்சரிவு மட்டும் தெரிந்தது.

மழை நின்று பாத்தியைக் கொத்திவிடப் போனபோது, மண்ணின் மேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்த ஒரு விதை வெடித்திருப்பதைச் சீனியம்மாள் பார்த்தாள். மற்ற விதைகளுக்குச் செய்வதுபோல ஒரு பிடி மண் எடுத்து மூடப் போனாள்.

"மூடாதே," என்றது விதை. "வெளிச்சம் தெரியாமல் என்னால் வர முடியாது."

கையை இழுத்துக்கொண்டாள். அது இரண்டு இலை விட்டது. நான்கு இலை விட்டது. ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மேலே பாறை இருக்கிறதா என்று கேட்டது. இல்லை என்று சீனியம்மாள் சொன்னாள். பக்கத்துக் கொல்லைகளில் யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டது. அவள் அன்றைக்கே ஒவ்வொரு வீட்டுக் கொல்லையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கேயும் இல்லை.

செடி இலைகளைத் தளர்த்திக்கொண்டது. பிறகு, "அப்படியென்றால் எனக்குப் பின்னால் யாரும் இல்லை," என்றது.

முறையிடுவது போலச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னது. சீனியம்மாளுக்கு அதுதான் தாங்கவில்லை. நீ பூத்து விதை கட்டுகிற வரைக்கும் உன் கொழுந்தில் யார் கையும் படாது என்று அவள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், ஊர் வழக்கம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது.

விருமன் அதைக் கேட்டுச் சிரித்தான். ஊரில் புருஷனுக்கு வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு, சாமிக்கு வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு, கீரைக்குக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். கொடிப்பசலை அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கேலி செய்தாலும், அக்கம்பக்கத்தார் அந்தப் பாத்திப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். மார்கழி அப்படியே கழிந்தது. செடி ஒரு முழம் அகலத்துக்கு விரிந்து, நடுவில் கொழுந்து கைக்குள் அடங்குகிற பூப்போல மூடிக்கொண்டு இருந்தது.

தை மாதம் மூன்றாம் நாள் மைனா ஒன்று முற்றத்தில் வந்து உட்கார்ந்து, நாளைக்குப் பிச்சம்மா வருகிறாள் என்று சொல்லிவிட்டுப் போனது.

பிச்சம்மா விருமனின் அக்கா. ஒரே அக்கா. மலைக்கு அந்தப் பக்கம் பலாக்கொல்லை என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். நான்கு வருஷமாக அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. கடைசியாக வந்தபோது சொல்லாமல் வந்துவிட்டாள். அன்றைக்குப் பாத்தியை முயல் மேய்ந்துவிட்டிருந்தது. கொழுந்து ஒன்றும் இல்லை. விருமன் அவளைக் கொல்லைக்கு அனுப்பாமல், மிச்சம் கிடந்த முற்றிய அடி இலையைத் தானே ஒடித்துக்கொண்டு வந்து, கொழுந்துதான் அக்கா என்று தட்டில் வைத்தான். அவள் மெல்ல முடியாமல் மென்றாள். பல்லிடுக்கில் நார் மாட்டிக்கொண்டது. ஒன்றும் சொல்லாமல் கை கழுவிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு வரவேயில்லை. கேவலம் ஒரு கீரைத்தண்டுக்காக உறவை விட்டுப் போனவள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது அவள் மகனுக்குப் பேசி முடித்திருந்தது. வைகாசியில் கல்யாணம். விருமன் தாய்மாமன். அவன் போய் நின்றால்தான் மணவறையில் சடங்கு தொடங்கும். கூப்பிடத்தான் அவள் வருகிறாள், வந்த இடத்தில் மறுபடியும் மனம் கோணினால் கூப்பிடாமல் திரும்பிவிடுவாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் விருமன் சிரிக்கவில்லை. வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கொல்லையிலேயே நின்றான்.

"வாக்குக் குடுத்துட்டேன்," என்றாள் சீனியம்மாள்.

"கீரைக்கா?"

"கீரைக்குத்தான்."

"எனக்கு இருக்கிறது ஒரே அக்கா, சீனி."

"அதுக்கும் பின்னால யாரும் இல்லையாம்."

அவன் யோசித்தான். ஒரு கூடையைக் கவிழ்த்து மூடி வைத்துவிடலாமே என்றான்.

"கூடையைப் பார்த்தா உங்க அக்கா தூக்கிப் பார்க்காம விடுவாங்களா?"

அதுவும் சரிதான் என்று அவனுக்குப் பட்டது. முயல் தின்றுவிட்டது, இந்த வருஷம் கீரையே இல்லை என்று சொல்லிவிடலாம் என்றான்.

"போன தடவையும் நீங்க பொய்தான் சொன்னீங்க," என்றாள் அவள்.

அவன் வேலிக்கட்டையை விட்டுவிட்டு உள்ளே போனான். செடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. சீனியம்மாள் திரும்பிப் போகும்போது, "அவர்கள் கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல வராது," என்றது. எனக்கும் வராது என்று சீனியம்மாள் சொன்னாள். விருந்தாளியிடம், அதுவும் புருஷனின் அக்காளிடம், எடுக்காதீர்கள் என்று சொல்லும் வாய் அந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

மறுநாள் வெளிச்சம் வருமுன்பே எழுந்து வாசல் தெளித்தாள். பெரிதாகக் கோலம் போட்டாள். வீட்டுக்கு முக்கியமானவர்கள் வரும் நாளில் கோலத்தைச் சுற்றிக் காவிக்கரை இட வேண்டும். செம்மண்ணைக் குழைத்த கொட்டாங்கச்சியை எடுத்துக்கொண்டு, துணியைத் தோய்த்துக் கரை இட்டு முடித்தாள். கொட்டாங்கச்சியில் பாதி மிச்சம் இருந்தது.

அதைக் கொண்டுபோய் உள்ளே வைக்கப் போனபோது விதைப்பானை கண்ணில் பட்டது. எல்லா வீட்டிலும் ஒரு விதைப்பானை இருக்கும். அதன் கழுத்தைச் சுற்றிக் காவியால் ஒரு வளையம். எவ்வளவு பஞ்சம் வந்தாலும் காவி வளையம் உள்ள பானையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்கவும் மாட்டார்கள். பசியில் அழுகிற பிள்ளைகூட அந்தப் பானையைக் காட்டி அழாது.

சீனியம்மாள் கொட்டாங்கச்சியைக் கீழே வைக்கவில்லை. அப்படியே கொல்லைக்குப் போனாள்.

செடியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியைக் காவியில் தோய்த்துப் பிழிந்தாள். முதல் அடி இலையின் சுருண்ட விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை யாரும் உயிரோடு இருக்கிற செடிக்குக் காவி இட்டதில்லை. இதைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, அந்த அக்கா என்ன சொல்வாள் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"சுடுமா?" என்று செடி கேட்டது.

"குளிரும். வெயில் வந்தா காஞ்சிரும்."

ஒவ்வொரு சுருக்கத்துக்குள்ளும் துணி நுனியை விட்டு, வெளிச்சுற்று இலைகள் எல்லாவற்றுக்கும் கரை இட்டாள். அங்கங்கே காவி வழிந்து இலையின் பாதிவரை இறங்கியது. உள்சுற்றுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள். நடுக்கொழுந்தில் ஒரு சொட்டுகூடப் படவில்லை. எழுந்தபோது மலைக்கு மேலே சூரியன் வந்திருந்தது.

பிச்சம்மா உச்சிக்கு முன்பே வந்துவிட்டாள். நல்ல உயரம். கையில் பனையோலையில் முடைந்த சின்னக் கொட்டான். வாசலில் நின்று கோலத்தையும் காவிக்கரையையும் பார்த்தாள். கரையை மிதிக்காமல் தாண்டி உள்ளே வந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மழை எப்படி, மாடு கன்று போட்டதா என்றெல்லாம் கேட்டாள். கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை. கொட்டானும் மடியிலேயே இருந்தது, தரையில் வைக்கவில்லை.

சீனியம்மாள் கம்பங்கூழைக் கரைத்து வைத்தாள். பிச்சம்மா அதைப் பார்த்துவிட்டு, தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாததையும் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கொல்லைப் பக்கம் போயிட்டு வாரேன்."

இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள். பாத்திக்குப் பத்தடி தள்ளி நின்று, வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எதிரே மலையில் அந்தச் செம்மண் சரிவு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்னால் காலடிச் சத்தம் நின்றது. விருமன் வேலிக்கட்டையைத் தேடிக் கையை நீட்டினான். அங்கே வேலி இல்லை.

"இது யாரு உனக்கு இட்டது?" என்று பிச்சம்மா கேட்பது கேட்டது.

"சீனியம்மாள்," என்றது செடி.

"எதுக்கு?"

"மேலே பாறை போய்விட்டது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை." பிறகு, "ஆனாலும் உங்களுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்," என்றும் சொன்னது. அதற்கு அப்படித்தான் சொல்ல வரும்.

பிறகு இலை ஒடிகிற சத்தம் ஒன்று கேட்டது. சீனியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். கொழுந்து கிள்ளினால் சத்தம் வராது, அடி இலைதான் நறுக்கென்று ஒடியும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

"விருமா. இங்க திரும்பு."

திரும்பினார்கள். பிச்சம்மா கையில் ஒரு வெளி இலை இருந்தது. விளிம்பெல்லாம் சிவப்பு. அவள் அதைக் கழுவக்கூட இல்லை. ஓரத்தைக் கடித்து மென்றுகொண்டிருந்தாள்.

"முத்தல்," என்றாள்.

விருமன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னைக்கும் முத்தல்தான். அன்னைக்கு அதைக் கொழுந்துன்னு சொன்னே. அக்காகிட்ட இல்லைன்னு சொல்லக்கூட ஒனக்கு வாய் வரலையேன்னுதான் நாலு வருசமும் எனக்கு வருத்தம். ஊருல தண்டுக்காகக் கோவிச்சுக்கிட்டாள்னு சொல்றாங்களாம். சொல்லிட்டுப் போறாங்க." இன்னொரு கடி கடித்தாள். "முத்தல்னு தெரிஞ்சு தின்னா ஒண்ணும் குத்தலை. கூழுக்கு நல்லாத்தான் இருக்கும் போல."

பிறகு சீனியம்மாளைப் பார்த்து, "விதைப்பானைக் காவிதானே, இது?" என்றாள்.

"ஆமா மதினி."

"வாயால சொல்ல மாட்டாம வரைஞ்சு வச்சிருக்கே. ஒம் புருசனுக்கு நீ எவ்வளவோ தேவலை."

குனிந்து இன்னும் மூன்று வெளி இலைகளை ஒடித்தாள். ஒன்றை விருமனிடம் கொடுத்தாள், ஒன்றைச் சீனியம்மாளிடம். மூவரும் உள்ளே போய்க் கூழ் குடித்தார்கள். விருந்தாளியும் வீட்டாரும் ஒரேவிதமான இலையைத் தெரிந்தே தின்றது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. குடித்து முடித்த பிறகு பிச்சம்மா கொட்டானைத் தரையில் வைத்து, அதற்குள்ளிருந்து வெற்றிலை பாக்கை எடுத்தாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் ஏறியதும் கொழுந்துக்குள்ளிருந்து ஒரு தண்டு கிளம்பியது. உட்கார்ந்தே இருந்த செடி எழுந்து நிற்பதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. இடுப்பளவு வந்தது. முயல் வேலிக்கடியில் புகுந்து வந்து, ஒன்றும் கேட்காமல் தண்டில் ஒரு கடி கடித்தது. வெள்ளையாகப் பால் வந்தது. முயல் துப்பிவிட்டு, இதற்குள் யார் வேப்பெண்ணெயை ஊற்றியது என்று கேட்டது.

"எழுந்து நிற்கும்போது என்னிடம் கேட்காதே," என்றது செடி. "உட்கார்ந்திருக்கும்போது வா. வெளி இலை தருகிறேன்."

முயலுக்கு ஆச்சரியமாக இருந்தது. சுருட்டைக்கீரை மறுத்து அது கேட்டதே இல்லை. செடிக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. காவி இட்ட நாளுக்குப் பிறகு இல்லை என்று சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

மஞ்சளாகச் சின்னச் சின்னப் பூக்கள் வந்தன. சித்திரையில் அவை பஞ்சு கட்டின. சீனியம்மாள் காலையிலும் மாலையிலும் போய், காற்றுக்கு முந்திக்கொண்டு, தலையைச் சாய்த்து முந்தானையில் உதிர்த்துக்கொண்டாள். பாதியைத் தன் விதைப்பானையில் வைத்தாள். மறுபாதியை ஒரு சின்னச் சுரைக்குடுக்கையில் போட்டு, கழுத்தில் காவி வளையம் இட்டு, வைகாசியில் தாய்மாமன் சீர்வரிசைத் தட்டில் சேலைக்கும் பழத்துக்கும் நடுவில் வைத்தாள். சீர் பார்க்க வந்தவர்கள் குடுக்கையைக் குலுக்கிப் பார்த்தார்கள். இது என்ன, உமியா என்று ஒருவர் கேட்டார். விருமன் அன்றைக்கு மணவறையில் நின்ற நிமிர்வில், "எங்க வீட்டுக் கொழுந்து," என்றான்.

செடி காய்ந்துபோனது. சீனியம்மாள் அதைப் பிடுங்கிப் பாத்தியிலேயே போட்டாள். பின்னால் யாரும் இல்லாத செடி மாதிரி அது கிடக்கவில்லை.

அடுத்த ஐப்பசியில் பாத்தி முழுக்க விதையைத் தூவினாள். மண் போட்டு மூடவில்லை. பத்தே நாளில் பாத்தி பச்சையாக மூடிக்கொண்டது. நெருக்கத்தைக் களைந்து சாணுக்கு ஒன்றாக விட்டாள். கார்த்திகை கடைசியில், செடிகள் விரிந்த பிறகு, கொட்டாங்கச்சியில் காவியைக் குழைத்துக்கொண்டு ஒருநாள் காலையில் கொல்லைக்குப் போனாள். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெளி இலைகள் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே கரை இட்டிருந்தது. சுருக்கத்துக்குள் சுருக்கமாக, ஒரு மனிதக் கையால் முடியாத நேர்த்தியில் சிவப்பு ஓடியிருந்தது. அங்கங்கே வழிந்து இலையின் பாதிவரை இறங்கியிருந்தது. அன்றைக்கு அவள் கையில் வழிந்த மாதிரியே. நடுக்கொழுந்து மட்டும் பச்சை.

பலாக்கொல்லையிலிருந்து மைனாவிடம் பிச்சம்மா சொல்லி அனுப்பினாள். உன் காவி என் வீட்டில் பிடிக்கவில்லை, எல்லாம் ஒரே பச்சையாக வந்திருக்கிறது, யாருக்கு எதைக் கிள்ளுவது என்றே தெரியவில்லை, மருமகள் வேறு கேலி செய்கிறாள் என்று. சீனியம்மாள் தன் பாத்திச் செடிகளிடம் கேட்டாள். அங்கே முளைத்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று செடிகள் கேட்டன. பலாமரத்து நிழலில் என்றது மைனா.

"காவி காய வெயில் வேண்டும்," என்றன செடிகள்.

பிச்சம்மா பாத்தியை வாசல் பக்கம், காலை வெயிலுக்கு மாற்றினாள். எட்டு நாளில் சிவப்பு ஏறியது என்று மைனா வந்து சொன்னது.

அதற்குப் பிறகு சுருட்டைக்கீரையின் பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. அது சொல்ல வேண்டியதெல்லாம் இலையிலேயே இருந்ததால், வருகிறவர்களும் அதைக் கேட்காமலே தெரிந்துகொண்டார்கள். கடைசியில் மற்றக் கீரைகளைப் போல அதுவும் பேசாமல் ஆகிவிட்டது.

சீனியம்மாள் காவித்துணியோடு குனிந்த அந்தத் தை மாதக் காலையிலிருந்துதான் சுருட்டைக்கீரைக்கு வெளியே சிவப்பும் உள்ளே பச்சையும். நிழலில் வைத்தால் சிவப்பு ஏறாமல் நிற்பதும், தண்டு விட்டு எழுந்தால் கசப்பதும் அப்போது வந்தவைதான். மொட்டை மாடித் தொட்டியில் அதை வளர்க்கிறவர்கள் இன்றும் காலையில் குனிந்து, சிவந்த வெளி இலை நாலைந்தை ஒடித்துக்கொண்டு, கொழுந்தைத் தொடாமல் எழுந்திருக்கிறார்கள். யாரும் அவர்களிடம் எடுக்காதே என்று சொல்வதில்லை.